இரைப்பைப் புற்றுநோய் அறிக்கையில் வரும் புரதங்கள்: எது எதைச் சொல்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அப்பாவுக்கு வயது அறுபதுக்கு மேல். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி தெரிந்தது. பயாப்சியில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் எழும் புற்றுநோய், என்று வந்தது. சி.டி. ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு இடங்களில் பரவியிருக்கிறது. ரத்தத்தில் புற்றுநோய்க் குறியாகப் பார்க்கப்படும் சிஇஏ என்ற புரதத்தின் அளவு இயல்பாக இருக்கிறது. புற்றுநோய் மருத்துவர் ஹெர்2, எம்எம்ஆர், பிடி-எல்1, கிளாடின் 18.2 என்று நான்கு புரதப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம். இந்தப் பரிசோதனைகள் உண்மையிலேயே தேவையா, அதற்காகக் காத்திருக்கலாமா, சிஇஏ இயல்பு என்றால் நோய் கடுமையாக இல்லை என்று அர்த்தமா, இணையத்தில் கிடைக்கும் மற்ற ஐம்பது புரதங்களையும் பார்க்க வேண்டாமா, பிள்ளைகளான நாங்கள் ஏதாவது சோதித்துக்கொள்ள வேண்டுமா? இவைதான் கேள்விகள்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். பயாப்சித் துண்டுகளை ஸ்லைடில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த இடத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது.

முதலில் சிஇஏ. பொய்யான நிம்மதியை அதிகம் தருவது இதுதான். 1965-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் இருவரும் பெருங்குடல் புற்றுநோய்த் திசுவிலும் கருவின் குடலிலும் கண்டறிந்த புரதம் இது. இரைப்பைப் புற்றுநோயில் முற்றிய நிலையிலும் பலருக்கு இது உயர்வதே இல்லை. புகைபிடிப்பவர்களுக்கோ புற்றுநோய் இல்லாமலேயே சற்று உயரும். கூடவே எழுதப்படும் சிஏ 19-9 என்ற இன்னொரு ரத்தக் குறியின் கதையும் இதேதான்: பித்தக்குழாய் அடைத்தாலே ஏறிவிடும், லூயிஸ் ரத்த வகைக் கூறு இல்லாமல் பிறந்தவர்களின் உடலில் அது உருவாகவே உருவாகாது. ஆகவே அப்பாவின் சிஇஏ இயல்பாக இருப்பதால் நோய் லேசானது என்று கொள்ள முடியாது. ஸ்கேனில் கல்லீரலில் பரவல் தெரியும்போது, ஸ்கேன் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். தொடக்கத்திலேயே உயர்ந்திருந்தவர்களுக்கு, சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்தொடர்ந்து பார்க்க சிஇஏ உதவும். உங்கள் அப்பாவுக்கு அந்த உதவியும் கிடைக்கப் போவதில்லை. மாதாமாதம் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்து, இந்த நான்கு பரிசோதனைகளைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். இது பிடிபட்டால் இணையத்தில் படிக்கும் பாதிச் செய்திகளைத் தள்ளிவிடலாம். ஒரு புரதம் இரண்டு விதமான சேதிகளைச் சொல்லக்கூடும். இந்த நோய் எவ்வளவு வேகமாக வளரும், நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்ற முன்கணிப்பு ஒன்று. இந்த மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்ற சேதி இன்னொன்று. முதலாவது தெரிந்தால் இரண்டாவதும் தெரிந்துவிட்டதாக நினைப்பது இயல்பு. பெரிய பெரிய ஆய்வாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அதன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள்.

இஜிஎஃப்ஆர் என்ற புரதம் கட்டியில் மிகுந்திருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கும் என்று பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. அப்படியானால் அதைத் தடுக்கும் மருந்து பலன் தர வேண்டுமே! பிரிட்டனில் ரியல்3 என்ற ஆய்வில் கீமோதெரபியுடன் பானிடுமுமாப் என்ற தடுப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2013-இல் முடிவு வந்தது. கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் கடந்த காலம், 11.3 மாதம், புது மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 8.8 மாதம். மருந்து சேர்த்ததால் ஆயுள் குறைந்தது. மெட் என்ற இன்னொரு புரதத்திலும் அதேதான் நடந்தது. மெட் இருக்கும் நோயாளிகளையே தேர்ந்தெடுத்து ரிலோடுமுமாப் என்ற தடுப்பு மருந்தைக் கொடுத்த ஆய்வை, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடியதால் 2014-இல் நிறுத்த வேண்டிவந்தது. அதனால்தான் ஏதாவதொரு புரதத்துக்கும் மோசமான போக்குக்கும் தொடர்பு கண்டுபிடித்தோம் என்ற செய்தியைப் படிக்கும்போது நான் பதறுவதில்லை. உங்களையும் பதற வேண்டாம் என்கிறேன். அதை அறிந்து சிகிச்சையில் எதை மாற்றப் போகிறோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவை உங்கள் மருத்துவர் எழுதிய அந்த நான்கும்தான். அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

நான்கில் மூத்தது ஹெர்2. செல்லின் மேற்புறச் சவ்வில் உட்கார்ந்து, வளரச் சொல்லும் சமிக்ஞையை உள்ளே அனுப்பும் புரதம் இது. இரைப்பைப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐந்து ஆறு பேரில் ஒருவருக்கு இதன் மரபணு பல படிகளாகப் பெருகி, சவ்வு முழுக்க இந்தப் புரதம் நிறைந்திருக்கும். 2010-இல் வெளியான டோகா ஆய்வுதான் திருப்புமுனை. கீமோவுடன் ஹெர்2-வைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுட்காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. ஹெர்2 அளவு உண்மையிலேயே மிகுந்திருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 11.8-இலிருந்து 16 மாதமானது. இந்த இரண்டாவது கணக்கைக் கவனியுங்கள். ஒரே மருந்துதான், புரதத்தைச் சரியாக அளந்து ஆளைத் தேர்ந்தெடுத்ததில் பலன் கூடியிருக்கிறது.

அந்த அளவீடு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த துண்டுகள் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகுக் கட்டியில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவலாக வெட்டி ஸ்லைடில் ஒட்டுவார்கள். ஹெர்2-வை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை அதன்மேல் விட்டால், புரதம் இருக்கும் இடமெல்லாம் பழுப்பு நிறமாகும். மார்பகப் புற்றுநோயில் செல்லைச் சுற்றி முழு வளையமாகப் பழுப்பு தெரிந்தால்தான் முழு மதிப்பெண். இரைப்பையில் அப்படி எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். இங்கே செல்கள் சுரப்பிகளாகக் கூடி நிற்கின்றன; சுரப்பியின் உட்குழியைப் பார்த்த பக்கம் பெரும்பாலும் நிறம் பிடிக்காது. பக்கவாட்டிலும் அடியிலும் மட்டும் பிடித்து, ஒவ்வொரு செல்லும் மேல்புறம் திறந்த கோப்பை வடிவில் தெரியும். அதையும் நேர்மறை என்றே எண்ண வேண்டும். உருப்பெருக்கியிலும் ஒரு கணக்கு உண்டு. மிகக் குறைந்த லென்ஸிலேயே பளிச்சென்று தெரிந்தால் 3+. பத்து, இருபது மடங்கு லென்ஸ் தேவைப்பட்டால் 2+. நாற்பது மடங்கு லென்ஸில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் 1+, அது எதிர்மறைதான். 2+ வந்தால் முடிவு சொல்ல மாட்டோம். மரபணு உண்மையில் பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் பரிசோதனையில் எண்ணிப் பார்ப்போம். உங்களுக்கு 2+ என்று அறிக்கை வந்து, ஃபிஷ் செய்யாமலே இல்லை என்று முடித்துவிட்டால், விடாதீர்கள், கேளுங்கள்.

இரைப்பைக் கட்டியில் ஹெர்2 எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். ஒரு சுரப்பிக் கூட்டம் அடர் பழுப்பாக இருக்கும். அதை ஒட்டிய கூட்டம் வெறுமையாக இருக்கும். அதனால் பயாப்சியில் ஐந்து செல்கள் சேர்ந்த ஒரு கொத்து நிறம் பிடித்தாலே போதும் என்று விதி வைத்திருக்கிறோம்; அறுவைசிகிச்சையில் எடுத்த பெரிய திசுவில் 10 சதவீத செல்களாவது பிடிக்க வேண்டும். எண்டோஸ்கோப்பியில் ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்திவிட்டால், ஹெர்2 உள்ள பகுதி தப்பிவிடக்கூடும். ஆறு முதல் எட்டுத் துண்டுகள் எடுப்பது நல்லது. அப்பாவுக்கு எத்தனை துண்டு எடுத்தார்கள் என்பது பயாப்சி அறிக்கையின் தொடக்கத்திலேயே இருக்கும். ஒன்றிரண்டுதான் என்றால், திரும்ப எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. கல்லீரலுக்குப் பரவும் வகைக் கட்டிகளில் ஹெர்2 சற்று அதிகமாகவே காணப்படுகிறது என்பதால், உங்கள் அப்பாவின் விஷயத்தில் இதை அரைகுறையாக விட்டுவிடக் கூடாது என்பேன்.

ஹெர்2 நேர்மறையாக வந்தால், பிடி-எல்1 முடிவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டும் இருப்பவர்களுக்கு டிராஸ்டுசுமாபுடன் பெம்புரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும், அதாவது நோய் எதிர்ப்பு செல்களைக் கட்டிக்கு எதிராக ஏவும் மருந்தும், சேர்க்கப்படுகிறது. டிராஸ்டுசுமாபின் பயோசிமிலர் வடிவங்கள், அதாவது வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் அதற்கு ஒப்பான மருந்துகள், இந்தியாவில் 2014 முதலே கிடைப்பதால் செலவு முன்போல் எட்டாக்கனி இல்லை. சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்ப வளர்ந்தால், மறுபடி பயாப்சி எடுத்து ஹெர்2 பார்க்கச் சொல்வார்கள், சலிப்படையாதீர்கள். டிராஸ்டுசுமாப் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புரதம் மறைந்துபோயிருக்கும். மறையாமல் இருப்பவர்களுக்கு, அதே ஆன்டிபாடியின் முதுகில் கீமோ மருந்தைக் கட்டி அனுப்பும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகன் என்ற மருந்து இருக்கிறது. 2025-இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 14.7 மாதம், வழக்கமான இரண்டாம்கட்ட சிகிச்சையில் 11.4 மாதம்.

ஹெர்2 இல்லை என்று வந்தால் கிளாடின் 18.2-க்கு மதிப்பு கூடுகிறது. இரைப்பையின் உட்சுவர் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைக்கும் புரதம் இது. நல்ல செல்களில் இரு செல்களுக்கு இடையே உள்ள பிணைப்புக்குள் புதைந்து கிடக்கும்; ஆன்டிபாடி எளிதில் எட்டாது. செல் புற்றாகி ஒழுங்கு குலைந்ததும் அது வெளிப்புறத்தில் அம்பலமாகிவிடுகிறது. அதைப் பிடித்துத் தாக்குவதுதான் சோல்பெடுக்சிமாப். குறைந்தது 75 சதவீதக் கட்டி செல்களில் சவ்வு நடுத்தரமாகவோ அடர்த்தியாகவோ நிறம் பிடித்தால் நேர்மறை. சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் அப்படி இருந்தார்கள். ஸ்பாட்லைட் ஆய்வில் கீமோவுடன் இதைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுட்காலம் 15.5 மாதத்திலிருந்து 18.2 மாதமானது. 2024-இல் முதலில் ஜப்பானும் பிறகு அமெரிக்காவும் அனுமதி வழங்கின. நல்ல இரைப்பைச் சுவரிலும் இந்தப் புரதம் இருப்பதால் முதல் சில முறை குமட்டலும் வாந்தியும் கடுமையாக இருக்கும். முன்பே வாந்தி மருந்து கொடுத்து, மிக மெதுவாக ஏற்றுவார்கள். இன்னொன்று: கிளாடின் இருப்பதை மட்டும் வைத்து நோய் வேகமானதா மெதுவானதா என்று சொல்ல முடியாது. முன்கணிப்பு எதையும் சொல்லாத ஒரு புரதம், மருந்துக்கு மட்டும் வழி திறக்கிறது. இஜிஎஃப்ஆர் கதையின் நேர் எதிர் இது.

எம்எம்ஆர் என்பது ஒரு புரதம் அல்ல. எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கு புரதங்களின் கூட்டு. டிஎன்ஏ படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்துவது இவற்றின் பணி. இங்கே நாங்கள் தேடுவது நிறத்தை அல்ல, நிறம் இல்லாமையை. பக்கத்தில் இருக்கும் நிணசெல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களில் பழுப்பு தெரிந்து, கட்டி செல்களில் மட்டும் தெரியாவிட்டால் அந்தப் புரதம் தொலைந்துவிட்டது என்று பொருள். பரவிய நிலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான் இப்படி இருப்பார்கள். வயதானவர்கள், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி உள்ளவர்கள் அதில் சற்று அதிகம். எண்ணிக்கை சிறிது என்று இதைத் தவிர்க்கவே கூடாது. ஏனென்றால் இந்தச் சிலருக்குக் கிடைக்கும் பலன் மற்ற யாருக்கும் கிடைப்பதைவிடப் பெரிது. திருத்தப்படாத பிழைகள் குவிந்த கட்டியை நம் நோய் எதிர்ப்பு செல்கள் அந்நியன் என்று எளிதில் அடையாளம் காண்கின்றன. இம்யூனோதெரபி அவற்றின் கட்டை அவிழ்த்துவிடுகிறது. செக்மேட் 649 ஆய்வில் இந்த வகையினர் ஐம்பதுக்கும் குறைவு. ஆனாலும் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 38.7 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 12.3 மாதம். அறுவைசிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்களிலும் இந்த வகையினருக்குப் போக்கு பொதுவாக நன்றாகவே இருக்கும். நான்கில் முன்கணிப்பையும் மருந்தையும் சேர்த்துச் சொல்வது இது.

பிடி-எல்1 எனக்கு மிகவும் தலைவலி தரும் பரிசோதனை. நோய் எதிர்ப்பு செல்களின் தாக்குதலை அடக்கிவைக்கும் புரதம் இது. கட்டி செல்களையும், இடையில் நுழைந்திருக்கும் நிணசெல்களையும், மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்களையும் சேர்த்து, நிறம் பிடித்தவை எத்தனை என்று எண்ணி, மொத்தக் கட்டி செல்களால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது சிபிஎஸ் என்ற மதிப்பெண். ஒரே ஸ்லைடைப் பார்த்து அனுபவமுள்ள ஒருவர் 4 என்பார், இன்னொருவர் 6 என்பார். ஆனால் நிவோலுமாபுக்குப் பல இடங்களில் சிகிச்சைக் கோடு 5-இல் இருக்கிறது. 5-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நிவோலுமாப் சேர்த்தபோது இடைநிலை ஆயுட்காலம் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமானது, 1-க்கும் கீழே உள்ளவர்களுக்குச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. ஆகவே 0, 30 போன்ற எண்களை நம்புங்கள். 4, 5, 6 என்று வந்தால், எந்தத் துண்டில், எந்த ஆன்டிபாடியில் பார்த்தார்கள் என்று மருத்துவரிடம் கேட்டு, தேவைப்பட்டால் இன்னொருவரிடம் ஸ்லைடைக் காட்டுங்கள்.

இனி, காத்திருப்பது பற்றி. இந்த இரண்டு வாரத்தில் சிகிச்சையையே நிறுத்திவைக்க வேண்டும் என்பதில்லை. அப்பா சாப்பிட முடியாமல் வேகமாக மெலிகிறார் என்றால், முதல் சுற்றுக் கீமோவைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் இரண்டாவது சுற்றில் உரிய மருந்தைச் சேர்ப்பது வழக்கமான நடைமுறை. எம்எம்ஆர் மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டால் நல்லது. அதில் முதல் மருந்தே மாறக்கூடும். நான்கில் விரைவாக முடிவதும் பெரும்பாலும் அதுதான். ஆய்வகத்தில் அதை முதலில் தரும்படி கேளுங்கள்.

ஐம்பது புரதங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு கட்டியில் உள்ள ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே சமயத்தில் அளக்கும் வசதி வந்துவிட்டது. 2018-இல் சீன ஆய்வாளர்கள், சிதறிப் பரவும் வகை இரைப்பைப் புற்றுநோய் உள்ள 84 பேரின் கட்டியையும் பக்கத்து நல்ல திசுவையும் அளந்து, மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்த பிரிவுக்குக் கீமோ பயன் தரவில்லை, ஆயுளும் குறைவு. அழகான வேலை, அதில் உண்மையான துப்பு இருக்கிறது. ஆனால் அதை வைத்து இன்று எந்த நோயாளிக்கும் மருந்தை மாற்ற முடியாது. ரத்தத்தில் ஐம்பது புரதம் பார்த்து முழு அறிக்கை தருகிறோம் என்று யாராவது பெருந்தொகை கேட்டால், அந்தப் பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளான உங்களைப் பற்றி. எம்எம்ஆர் அறிக்கை இங்கேயும் பேசும். எம்எல்எச்1-ம் பிஎம்எஸ்2-ம் காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் வயதாகும்போது கட்டியில் மட்டும் நேரும் மரபணு முடக்கம்; பரம்பரை இல்லை. எம்எஸ்எச்2-ம் எம்எஸ்எச்6-ம் போயிருந்தால் பெருங்குடல் உள்ளிட்ட பல புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும் லிஞ்ச் கூட்டறிகுறி என்ற பரம்பரை நிலையைச் சந்தேகித்து மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பெருங்குடல் பரிசோதனையும் அதில் அடங்கும். பயாப்சியில் மோதிர வடிவச் செல்கள் என்று எழுதியிருந்து, குடும்பத்தில் இளவயதிலேயே இதே நோய் வந்தவர்கள் இருந்தால், ஈ-காதெரின் என்ற ஒட்டும் புரதத்தின் மரபணுவைப் பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் ஒரு மவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த நோய் தாக்கியதைத் துருவி, 1998-இல் பாரி கில்ஃபர்டும் சகாக்களும் கண்டுபிடித்த காரணம் அது. அந்த மாற்றம் உள்ளவர்கள் கட்டி தெரியும் முன்பே இரைப்பையை முழுவதும் அகற்றிக்கொள்வதும் உண்டு. உங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்றால் இதைப் பற்றி அஞ்ச வேண்டாம்.

எல்லோரும் செய்ய வேண்டியது வேறொன்று. இந்த நோய் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா உண்டாக்கும் அழற்சியில் தொடங்குகிறது. அந்தக் கிருமி காக்-ஏ என்ற தன் புரதத்தை ஊசி போட்டதுபோல் இரைப்பைச் செல்லுக்குள் செலுத்திவிடும். ஆண்டுக்கணக்கில் உட்சுவர் மெலிந்து, அமிலம் சுரக்கும் சுரப்பிகள் அழிந்து, குடலின் செல்கள்போல உருமாறி, பிறகுதான் புற்று வரும். சுரப்பிகள் அழிவதை ரத்தத்தில் பெப்சினோஜன் 1 குறைவதிலிருந்து கண்டுபிடிக்கலாம். ஜப்பானில் மில்லிலிட்டருக்கு 70 நானோகிராமுக்குக் கீழும், பெப்சினோஜன் 2-உடனான விகிதம் 3-க்குக் கீழும் போனால் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்புகிறார்கள். நம் ஊரில் அது பரவலாகக் கிடைக்காது. கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் கிடைக்கும். பெற்றோரோ உடன்பிறந்தவரோ இந்த நோய்க்கு ஆளானவர்களைக் கொண்டு கொரியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், கிருமியை ஒழிக்கும் மாத்திரை பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் ஒன்பது ஆண்டுகளில் புற்றுநோய் வந்தது. நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் ஒரு முறை சோதித்து, கிருமி இருந்தால் இரண்டு வார மாத்திரைகளை முழுமையாக முடியுங்கள். முடித்து ஒரு மாதம் கழித்து, அது ஒழிந்ததா என்று மறுபடியும் பாருங்கள்; அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்திவிட்டுப் போங்கள்.